கைக்கும் காதுக்கும் நடுவே

திருவொற்றியூருக்கு வடக்கே, கத்திவாக்கத்துக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் ரயில் பாதையும் தொழிற்சாலைச் சுவர்களுமாக நெருக்குண்டு கிடக்கும் எர்ணாவூரைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுத நேரும்போதெல்லாம், கன்டெய்னர் லாரிகளின் நெரிசலையோ, கடல் அரிப்பையோ, காற்றில் கலந்து வரும் ரசாயன நெடியையோ பற்றி எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் அந்த ஊரில் சங்கீதமும் இருக்கிறது என்பதையும், அந்தச் சங்கீதத்துக்கு இப்போது ஒரு புதிய இடையூறு வந்திருக்கிறது என்பதையும், அந்த இடையூறு பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தும் பெட்டியின் மேல் ஓரிடத்திலும் அச்சிடப்படாமல் இருக்கிறது என்பதையும் யாரும் எழுதக் காணோம். ஆகவே நான் எழுதுகிறேன்.

பக்கத்திலிருக்கும் திருவொற்றியூருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தியாகராஜ சுவாமிகள் தம் சீடர் வீணை குப்பய்யரின் வேண்டுகோளை ஏற்று வந்து, திரிபுரசுந்தரி அம்மன் மீது ஆரபி, கல்யாணி, சுத்தசாவேரி, பேகடா, சாவேரி ஆகிய ஐந்து ராகங்களில் கிருதிகள் செய்தார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று வித்துவான்கள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். அதே கடற்கரைப் பிரதேசத்தில், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த ஜனங்கள், சாவு வீட்டின் நீண்ட இரவுகளில் டோலக்கையும் கைத்தட்டையும் துணைக்கொண்டு பாடிப் பாடி வளர்த்தெடுத்தது கானா. இவ்விரண்டுக்கும் மொழி வேறு, மேடை வேறு, சமூகம் கொடுத்த மரியாதையும் வேறு. ஆனால் காலப்பிரமாணம் பிசகினால் இரண்டும் அந்த க்ஷணத்திலேயே உயிரிழந்துவிடும் என்பதில் வித்தியாசமே கிடையாது. கிருதியில் எடுப்பு தவறினாலும், கானாவில் டோலக்கின் அடிக்குச் சற்றுப் பின்னால் சொல் விழுந்தாலும், கேட்பவன் சாஸ்திரம் படிக்காதவனாயிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எர்ணாவூரில் எழுந்த சுனாமி குடியிருப்பின் மொட்டை மாடிகளிலும், மேம்பாலத்தை அடுத்த தெருக்களிலும், மாலை நேரத்தில் கைபேசியில் ஒரு தாளப் பதிவை ஓடவிட்டு அதன்மேல் தம் சொந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்ய முயலும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஸ்டூடியோவுக்குப் போக அவர்களிடம் பணமில்லை, கைபேசியே ஸ்டூடியோ. அந்தக் கைபேசியில் ஹெட்போன் செருகும் பழைய வட்டத் துளை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் — 2016-ல் ஐபோன் 7 அதைக் கைவிட்டதிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிட்டுக்கொண்டே வருகிறது — கம்பியில்லாத இயர்பட்ஸ் வாங்குகிறார்கள், பாடுகிறார்கள், பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள், குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் சோர்கிறார்கள். “அண்ணா, நான் கரெக்டாத்தான் பாடுனேன், பாட்டு லேட்டா வருது” என்று ஒரு பையன் சொன்னால், அவனுக்குத் தாள ஞானம் போதவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவன் சொல்வது முற்றிலும் உண்மை. குற்றம் அவன் தாளத்தில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 120 அடி வீதம் போகும் பாட்டில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 500 மில்லி வினாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 125 மில்லி வினாடி. சாதாரண புளூடூத் ஹெட்போனில், கைபேசி ஓர் ஒலியை வெளியிட்ட கணத்துக்கும் அது காதில் விழும் கணத்துக்கும் இடையில் 150 முதல் 250 மில்லி வினாடி வரை கழிந்துபோவது சர்வசாதாரணம். அதாவது ஏறக்குறைய அரை அடி! நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். ஆகவே 200 மில்லி வினாடித் தாமதம் என்பது, டோலக்குக்காரரை எழுபது மீட்டர் தூரத்தில் உட்காரவைத்துவிட்டு அவரோடு சேர்ந்து பாடுவதற்குச் சமானம். எந்தப் பாடகரும், எவ்வளவு பெரிய மேதையாயிருந்தாலும், அப்படி உட்காரச் சம்மதிக்க மாட்டார்.

பாடகன் தன் குரலையே அந்தக் கருவியின் வழியாகக் கேட்க நேர்ந்தால் நிலைமை இன்னும் விபரீதம். 1950-ஆம் வருஷம் அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர், பேசுகிறவரின் குரலைச் சிறிது தாமதப்படுத்தி அவர் காதுக்கே திருப்பியனுப்பினால், நன்றாகப் பேசக்கூடியவரும் திக்கவும் தடுமாறவும் தொடங்குகிறார் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் நடந்த பரிசோதனைகளில் அந்தத் தடுமாற்றம் உச்சத்தை எட்டியது ஏறத்தாழ 200 மில்லி வினாடித் தாமதத்தில். மனிதனின் நாவை மிகவும் குழப்பக்கூடிய அதே அளவுத் தாமதத்தை நாம் விலைகொடுத்து வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு பாட உட்காருகிறோம்.

இந்தத் தாமதம் எங்கே உற்பத்தியாகிறது? வானொலி அலை பறக்கும் நேரத்தில் அல்ல. சட்டைப் பையிலிருந்து காது வரையுள்ள தூரத்தை அலை கடக்கும் நேரம் மில்லி வினாடியின் மிக மிக நுண்ணிய ஒரு பின்னம். கைபேசி முதலில் பாட்டைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் சுருக்கி, பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். காதில் உள்ள கருவி அதை வாங்கி விரித்து மீண்டும் ஒலியாக்க வேண்டும். இப்படிச் சுருக்கி விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் காலம் செலவாகிறது என்றாலும், பெருஞ்செலவு நிகழும் இடம் வேறு. பொட்டலங்கள் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. புளூடூத் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, நம் நாட்டில் 2005 முதல் உரிமம் இல்லாமலே யாரும் உபயோகிக்கத் திறந்துவிடப்பட்டது. வைஃபை பெட்டிகளும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். அந்தக் கூட்டத்தில் புளூடூத் 79 சிறு தடங்களுக்குள் வினாடிக்கு 1600 முறை தாவித் தாவி இடம் தேடிக்கொள்கிறது. வழியில் சிதைந்த பொட்டலத்தை மீண்டும் அனுப்புகிறது. சுவருக்குச் சுவர் வைஃபை இருக்கும் அடுக்கு வீடுகளில் இந்தப் போராட்டம் அதிகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த மனித உடலே உறிஞ்சிவிடும் என்பதால், கைபேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் அதிகம்.

எந்த நாளில் எந்த நேரத்தில் தண்ணீர் லாரி வரும் என்று நிச்சயமில்லாத எர்ணாவூர் வீட்டில், குடும்பத்துப் பெண்கள் டிரம்மில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் மொண்டு புழங்குவார்கள். லாரி பிந்தினாலும் அடுப்படி வேலை நிற்காது. ஹெட்போனும் அப்படித்தான், வந்த ஒலியை உடனே வெளியிடாமல் ஒரு சேமிப்பில் தேக்கி வைத்துக்கொண்டு, அதன் அடியிலிருந்து எடுத்து நமக்குக் கொடுக்கிறது. பொட்டலம் பிந்தினாலும் பாட்டு அறுபடாது. ஆனால் நாம் எப்போதும் கேட்பது பழைய ஒலியை; முன் சொன்ன பெருஞ்செலவு இங்கேதான். சேமிப்பைப் பெரிதாக வைத்தால் அறுபடாத பாட்டு, நீண்ட தாமதம். சிறிதாக வைத்தால் குறைந்த தாமதம், அடிக்கடி அறுபடும் பாட்டு. இவ்விரண்டில் எதை எவ்வளவு என்று தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். அந்தத் தீர்மானத்தின் எண் அவர் கையில் இருக்கிறது. வாங்குகிறவனுக்கு மட்டும் அது சொல்லப்படுவதில்லை.

சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் நமக்குத் தெரிவதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இன்றைய ஹெட்போன் தன் தாமதம் இவ்வளவு என்று கைபேசிக்குத் தெரிவிக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. கைபேசி அதற்குத் தக்கபடி படத்தை நிறுத்திப் பிடித்துச் சற்றுப் பின்னுக்குக் காட்டுகிறது. அது தவிர, ஒலி பிந்துவதைக் கண் ஓரளவு மன்னித்தும் விடுகிறது: ஒலி படத்துக்கு 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார், பிந்தினால் 125 மில்லி வினாடி வரை கண்டுகொள்வதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-லேயே வரையறுத்திருக்கிறது. இடி மின்னலுக்குப் பின்னால்தானே வருகிறது. இயற்கையிலேயே நம் புலன்கள் அதற்குப் பழகியிருக்கின்றன. ஆகவே ஏற்கெனவே எடுத்து முடித்த படம் காத்திருக்கும். அதைக் காத்திருக்க வைப்பது சுலபம். உயிரோடு இயங்கும் மனிதன் கை அப்படிக் காத்திருக்க முடியாது. கீபோர்டின் கட்டையை அழுத்துகிறவன், கைபேசித் திரையில் தபலா தட்டிப் பழகுகிறவன், விளையாட்டில் எதிரியின் காலடி ஓசையைக் கேட்டுத் திரும்புகிறவன், தாளத்தின்மேல் பாடுகிறவன் ஆகிய இவர்கள் செய்யப்போவதை முன்கூட்டியே அறிந்து ஒலியைத் தயார் செய்து வைக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. கேட்பதற்கு மட்டும் என்றால் குறையில்லாத கருவி, செய்வதற்கு என்று வரும்போது உதவாமல் போவது இதனால்தான். இந்த வேறுபாட்டைக் கடைக்காரரும் சொல்வதில்லை, விளம்பரமும் சொல்வதில்லை.

இப்போது இன்னொரு சாதனம் இளைஞர்களிடையே பிரசித்தமாகி வருகிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, சட்டையில் செருகிக்கொள்ளும் கொக்கியோடு, தன் மின்கலத்தையும் தானே சுமந்துகொண்டு, கைபேசியிலிருந்து புளூடூத்தில் ஒலியை வாங்கி, நல்லதொரு சில்லின் மூலம் மின் அலையாக்கி, பெருக்கி, பழைய கம்பி ஹெட்போனுக்கு வட்டத் துளையின் வழியாக வழங்கும் கையடக்க ஆம்ப்ளிஃபயர் அது. சில ஆயிரம் ரூபாய் விலை. அதன் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 300 ஓம் மின்தடையுள்ள பெரிய ஹெட்போனைக் கைபேசியால் சரிவர இயக்க முடியாது, இது இயக்கும். இயர்பட்ஸின் மின்கலம் இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போனால் முழுவதையும் எறிய வேண்டியிருக்க, நல்ல கம்பி ஹெட்போன் பல வருஷம் உழைக்கும், இது அதற்குப் புதுவாழ்வு கொடுக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் தாமதம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறதே, அது தவறு. மின் அலையைப் பெருக்குவதற்கு ஆகும் காலம் கணக்கில் வைக்கத் தகுந்ததே அல்ல. தாமதம் அதற்கு முன்னாலேயே, கோடெக்கிலும் சேமிப்பிலும் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. பெருக்கி அந்தப் பிந்திய ஒலியை இன்னும் கம்பீரமாகக் கொடுக்கும், அவ்வளவே. அந்த ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றை யு.எஸ்.பி. கம்பியால் கைபேசியோடு நேரே இணைக்கவும் முடியும். அப்படி இணைத்தால் வானொலியின் சேமிப்பே இல்லாமல் போகிறது, தாமதம் பெருமளவு சுருங்குகிறது. பாடிப் பதிவு செய்கிறவர்கள் அந்தப் பெட்டியை வாங்கினால், அவர்களுக்கு மிகவும் பிரயோஜனப்படும் பகுதி அந்தக் கம்பித் துளைதான்.

விலை உயர்ந்த கோடெக் என்றால் தாமதம் குறைவு என்பதும் அதே போன்ற மயக்கம். எல்லா புளூடூத் சங்கீதக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்க வேண்டியது எஸ்.பி.சி.; ஆப்பிள் கைபேசிகள் அதோடு ஏ.ஏ.சி.யை மட்டும் அறியும். சோனி 2015-ல் கொண்டுவந்த எல்டேக் வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். அதன் லட்சியம் ஒலியின் நயம், வேகம் அல்ல. தாமதத்தில் அது எஸ்.பி.சி.யைவிட மேலானது என்று சொல்வதற்கில்லை. 1980-களில் அயர்லாந்து தீவின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்மித் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, பிற்காலத்தில் குவால்காம் கைக்கு வந்த ஆப்டெக்ஸ் குடும்பத்தில், தாமதத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு வகை உண்டு. சுமார் 40 மில்லி வினாடி என்பது அதற்குச் சொல்லப்பட்ட அளவு. ஆனால் அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் இருவருமே அதை அறிந்திருந்தால்தான் அது நடக்கும். ஹெட்போனில் இருந்து கைபேசியில் இல்லாவிட்டால், இரண்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும்; பணம் கொடுத்தவர் தாம் வாங்கிய சிறப்பை ஒருநாளும் அனுபவிக்கவில்லை என்பதை அறியாமலே இருப்பார். அந்த வகையை ஏற்ற கைபேசிகள் மிகச் சிலவே வந்தன என்பதும் பெட்டியில் எழுதப்படுவதில்லை.

பாடுகிறவனுக்கு இதைவிடக் கொடிய ஒரு விஷயம் உண்டு. இயர்பட்ஸில் உள்ள மைக்கில் பாட ஆரம்பித்த க்ஷணமே, கருவி சங்கீதம் கேட்கும் முறையை விட்டுத் தொலைபேசி பேசும் முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் குரல், பழைய ஏற்பாட்டில் வினாடிக்கு 8000 மாதிரிகளாக, சற்றுப் புதியதில் 16,000 மாதிரிகளாக மட்டும் எடுக்கப்படுகிறது. சங்கீத சி.டி.யில் 44,100. கானாப் பாடகனின் அடித்தொண்டைக் கரகரப்பும், சொல்லை முடிக்கும்போது அவன் விடும் மூச்சும் எல்லாம் வடிந்துபோய், எங்கோ தூரத்தில் டெலிபோனில் பேசுகிற குரல்தான் மிஞ்சுகிறது. தாமதத்தையாவது சில பதிவுச் செயலிகளில் குரலை முன்னுக்கு நகர்த்திப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். போன நாதத்தை எந்தச் செயலியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

தொழிலில் இருப்பவர்களுக்கு இவையெல்லாம் புதிதல்ல. கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்று சேர்த்து 2018 ஜனவரியில் சென்னையில் தன் முதல் கச்சேரியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுக்கள் ஏறும் பெரிய மேடைகளில், பாடகர் காதில் ஒலி கொடுக்கப் புளூடூத்தை எந்த ஒலிப் பொறியாளரும் உபயோகிப்பதில்லை; அதற்கென்றே தனி அலைவரிசையில், தாமதம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லாத, விலை உயர்ந்த கருவிகள் உண்டு. ஸ்டூடியோவில் கம்பிதான். ஆகவே இந்த ஞானம் ஒரு வர்க்கத்தாரிடம் பரிபூரணமாக இருக்கிறது. மேடைக்கு வெளியே, தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கருவி வாங்கும் எர்ணாவூர் இளைஞனுக்கு மட்டும் அது எட்டவில்லை. என் மனத்தை உறுத்துவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

பரிகாரம் கடினமானதல்ல. பொட்டலப் பொருள்களின் மேல் என்னென்ன அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் வருஷத்துச் சட்ட அளவியல் விதிகள் சொல்கின்றன: தயாரித்தவர் பெயர், அளவு, மாதம், வருஷம், விலை. கம்பியில்லா ஹெட்போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. ஆனால் அந்தப் பதிவு பார்ப்பது மின் பாதுகாப்பை மட்டும். அதே அமைப்பு, ஒலி அனுப்பப்பட்ட கணத்திலிருந்து காதருகே வெளிப்படும் கணம் வரை எத்தனை மில்லி வினாடி என்பதை அளக்க ஒரே மாதிரியான முறையை வகுத்து, ஒவ்வொரு கோடெக்குக்கும் உரிய அந்த எண்ணைப் பெட்டியின் மேல் தமிழிலும் படிக்கத்தக்க எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். இப்போதும் சில பெட்டிகளில் 40 என்றும் 50 என்றும் விளையாட்டு முறைக்கான எண் காணப்படுகிறது. எங்கிருந்து எதுவரை அளந்தது, எந்தக் கைபேசியோடு அளந்தது என்று இல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. கைபேசிக்குக் கைபேசி தாமதம் மாறுமே என்று தயாரிப்பாளர்கள் ஆட்சேபிப்பார்கள். குளிர்சாதனப் பெட்டி தின்னும் மின்சாரமும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஆயினும் 2006 முதல் நட்சத்திர முத்திரை இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் தகுதியையும் அறிந்துகொள்வதை வாங்குகிறவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. 2020-ல் அறிவிக்கப்பட்ட புதிய புளூடூத் ஒலி முறையில், எல்.சி.3 என்ற சிக்கனமான கோடெக்கோடு, ஒலியை எவ்வளவு தாமதித்து வெளியிட வேண்டும் என்ற எண்ணே விதிமுறையின் ஓர் அங்கமாக இருக்கிறது. இயந்திரங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் எண்ணை மனிதனுக்குச் சொல்வதில் என்ன தடை?

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கத்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அதே மாதக் கடைசியில், அங்குள்ள பெரியகுப்பத்து ஜனங்கள் கசிந்த அம்மோனியாவுக்குப் பயந்து நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் மில்லி வினாடியைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் கேட்பார்கள். தகும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். துன்பப்படுகிறவர்களுக்குத் துன்பத்தைப் பற்றிய செய்தி மட்டும் போதும், பாட்டைப் பற்றிய விஞ்ஞானம் வேண்டியதில்லை என்று நினைப்பது அவர்களை முழு மனிதர்களாக மதிக்காத எண்ணம். அந்த எண்ணெயையும் அந்த இரவையும் பற்றிப் பாடப்போகிறவர்களும் அந்த மொட்டை மாடிகளில் பழகும் பிள்ளைகள்தாமே!

சட்டம் வரும்வரை செய்யத்தக்கது ஒன்று உண்டு. 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜாரிலோ, ரிச்சி தெருவிலோ, திருவொற்றியூர்த் தேரடியிலோ ஹெட்போனோ ஆம்ப்ளிஃபயரோ வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் போட்டுக் காட்டும் சினிமாப் பாட்டை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அதில் தாமதம் மறைந்துவிடும் என்பதைச் சொன்னேன். கைபேசியில் விலையில்லாமல் கிடைக்கும் பியானோ செயலியோ டிரம் செயலியோ ஒன்றை முன்னதாகவே வைத்துக்கொண்டு, தங்கள் சொந்தக் கைபேசியோடே கருவியை இணைத்து, திரையை விரலால் வேகமாகத் தட்டிப் பார்க்கட்டும். பிறகு அதே கைபேசியில் கம்பி ஹெட்போன் ஒன்றை மாட்டி அதே வேகத்தில் தட்டட்டும்; கைபேசியில் வட்டத் துளை இல்லாவிட்டால், டைப்-சி முனையுள்ள கம்பி ஹெட்போன் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். செயலியும் தன் பங்குக்குச் சிறிது தாமதிக்கும் என்றாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பாடிப் பதிவு செய்வதற்குத்தான் வாங்குகிறோம் என்றால், வட்ட முனையுள்ள கம்பி ஹெட்போன் ஒன்றையே வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் சட்டைக் காலரில் மாட்டும் சாதாரணக் கம்பி மைக் ஒன்றுக்கும், இரண்டையும் கைபேசியின் ஒரே துளையில், அது டைப்-சி துளையானால் டைப்-சி முனையோடு, சேர்க்கும் பிரிப்பானுக்கும் வழி பார்க்கலாம்.